திரைக்குப் பக்கத்தில் யார் உட்கார்வது?

(நம் சங்கத்தின் கல்வி வளர்ச்சி நாள் கூட்டத்தில், பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் குடியிருப்பு மாணவி பேசியதன் எழுத்து வடிவம்.)

  'வருங்கால ஆசிரியர் பார்வையில் வகுப்பறையும் தொழில்நுட்பமும்' என்று செயலாளர் அண்ணாச்சி தலைப்புக் கொடுத்தார்கள். இருபது நிமிடம் என்றும் சொன்னார்கள். எங்களுக்கோ நாற்பத்தைந்து நிமிடப் பீரியடுக்குத்தான் பாடக்குறிப்பு எழுதப் பழக்கியிருக்கிறார்கள். முடிந்தவரை சுருக்கிச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்குப் பதினாறு வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. எனக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி கிடைத்தது. காலையில் அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களும் பஸ்களும் வரிசையாகப் போகும். உள்ளே இருப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பலரும் அந்த வண்டிகளில்தான் வேலைக்குப் போனார்கள்.

ஒரு காலத்தில் இதே சுற்றுவட்டாரத்தில் விடிவதற்கு முன்பே வந்த வண்டிகள் பிள்ளைகளையே ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆலைக்குப் போயின. இங்கே இருக்கிற பெரியவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசி தீப்பெட்டித் தொழிலை முன்வைத்துத் தொடங்கிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. சட்டம், தீர்ப்பு, சத்துணவு, ஊர் ஊராக நடந்து பிள்ளைகளைக் கூப்பிட்ட ஆசிரியர்கள், பெற்றோர் எடுத்த முடிவு, எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுறையில் நிலைமையை மாற்றின. இன்றைக்கு வேனில் அம்மா ஏறுகிறார், பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறது.

இவ்வளவு பாடுபட்டு வகுப்பறைக்குள் கொண்டுவந்த பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது? தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போது நான் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.

கருவிகளைப் பொறுத்தவரை தமிழ்நாடு கஞ்சத்தனம் பண்ணியதாக யாரும் சொல்ல முடியாது. 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் வந்தது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு அச்சிட்டார்கள். போனைக் காட்டினால் வீடியோ வரும். பாடநூலும் நோட்டும் அச்சடிப்பது நம் சிவகாசி அச்சகங்களுக்குப் பழக்கமான வேலை என்பதால், நம்மில் சிலர் பிள்ளைகளுக்கு முன்பே அந்தக் குறியீட்டைப் பார்த்திருப்பீர்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023-ல் மணற்கேணி செயலி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு, ஆசிரியர் கையில் டேப்லெட் என்று வரிசை நீள்கிறது.

இவற்றில் சில ஏற்கெனவே இருந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பார்க்காமலே இரண்டாம் வகுப்பின் பாதிக்கு வந்துவிட்டது. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. வீட்டுக்கு வீடு டிவி இருந்தது. 2006-லிருந்து கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி அப்போது பாடத்துக்கும் உதவியது. ஆனால் டிவி சொல்லிக்கொண்டே போகும். பிள்ளை எந்த இடத்தில் பின்தங்கியது என்று அதற்குத் தெரியாது.

ஆன்லைன் வகுப்பைப் பற்றி நம் குடியிருப்பில் எல்லோருக்கும் அனுபவம் உண்டு. ஆனால் பட்டாசுத் தொழிலாளர் வீட்டில் அது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. உயிரைக் காக்கும் விதி அது. ஒரு எழுத்தும் மாறக் கூடாது. வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் இருந்து, அது அம்மாவோடு வேலைக்குப் போனால், பகல் முழுவதும் கேட்டில்தான் கிடக்கும். மாலையில் அம்மா வந்து, அடுப்பைப் பற்றவைத்து, சோறு வடித்த பிறகு, அண்ணன் ஒரு தடவை வாங்கிப் பார்த்த பிறகுதான் சின்னப் பிள்ளையின் முறை. காலையில் வாட்ஸ்அப் குழுவில் போட்ட வீட்டுப்பாடத்தை அது இரவு எட்டரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் பார்க்கும். இன்றைக்கும் பல வீடுகளில் இதுதான் நிலைமை. 'லிங்க் அனுப்பியாச்சு' என்று சொல்லும் முன் ஆசிரியர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பயிற்சியில் நான் படித்த முதல் பாடம்.

பள்ளிகள் திறந்ததும் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் அளவுக்குச் சேர்ந்தார்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவில் இருந்த பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆளுக்குச் சுமார் இருபது பிள்ளைகள். சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் மரத்தடியிலும் நடந்தது.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவுக்கு முன் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் பெரிய சரிவு, தமிழிலும் சரிவு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். இத்தனை திரைகள் இருந்த மாநிலத்தில், விட்டுப்போன படிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தது பள்ளி ஆசிரியர்களும், பாய் விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்த பக்கத்து வீட்டு அக்காக்களும்தான்.

அப்படியானால் கருவியே வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. இன்னும் இரண்டு மூன்று ஊர்க் கதையைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம்.

தென் அமெரிக்காவில் பெரு நாடு 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்று கிராமப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கணினியைக் கையாளத் தெரிந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை.

டெல்லியில் 2015-ல் வேறு மாதிரி நடந்தது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் ஒரு மையத்துக்கு வந்தார்கள். அங்கே இருந்த மென்பொருள் முதலில் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் சோதித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது தெரிந்தது. மென்பொருள் அவரவர் இருந்த படியிலிருந்தே பாடத்தைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒற்றை ஆசிரியரால் அவ்வளவு நுணுக்கமாக ஆளுக்கொரு கணக்குக் கொடுக்க முடியாது. இந்த இடத்தில் இயந்திரம் எங்களைவிடக் கெட்டிக்காரன். ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த மையத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கணினி. மீதிப் பாதி ஓர் உதவி ஆசிரியரோடு சின்னக் குழுவாக உட்கார்ந்து படித்தார்கள்.

மூன்றாவது கதை தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியது. சுவரில் கணினியைப் பதித்துவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுப் பார்த்த சுகதா மித்ரா, காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்திலேயே கணினியில் கொடுத்தார். ஆசிரியர் கிடையாது. இரண்டரை மாதம் கழித்துச் சோதித்தால், ஒன்றுமே தெரியாமல் தொடங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு முப்பது அளவுக்கு வந்திருந்தார்கள். பிறகு, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஓர் இளம்பெண்ணைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. பின்னால் நின்று, 'அட, இது எப்படி வந்தது? எனக்கும் சொல்லேன்' என்கிற மாதிரி, ஒரு பாட்டி பேரனிடம் கேட்பது போலக் கேட்டால் போதும். மதிப்பெண் ஐம்பதுக்கு ஏறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு உண்மையை அழகாகக் காட்டியது: பக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் தெரியாவிட்டாலும், பிள்ளை சொல்வதைக் கேட்கும் ஆசை இருந்தால், கற்பது கூடுகிறது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவும், நேரில் காட்ட முடியாததைக் காட்டவும் கருவி நன்றாக உதவும். அந்தப் பிள்ளை நாளைக்கும் வந்து உட்கார வேண்டுமென்றால் அது வந்ததா என்று கவனிக்கும் ஓர் ஆள் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு ஆய்வே தேவையில்லை. மருந்து கலக்கும் அறையில் இரும்புக் கருவிக்கு இடமில்லை. பொறி பறக்காத பொருளாகத் தேடி எடுப்பார்கள். புதுசா, விலை கூடினதா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த அறையில் நடக்கும் வேலைக்கு எது பொருந்துமோ அதுதான் உள்ளே போகும். வகுப்பறை வாசலிலும் அதே கேள்வியைக் கேட்கலாம். இந்தப் பாடத்துக்கு, இந்தப் பிள்ளைகளுக்கு, இது என்ன வேலை செய்யப்போகிறது?

பயிற்சிக் காலத்தில் நான் பார்த்து வியந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, எனக்கு வழிகாட்டியாக இருந்த டீச்சர் ஸ்மார்ட் போர்டைப் பயன்படுத்திய விதம். இதயம் சுருங்கி விரிவதைக் கரும்பலகையில் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அது அசையாது. வீடியோவில் அசையும். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். முழுக்க ஓடவிட்டு 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் வகுப்பே 'புரிஞ்சுது டீச்சர்!' என்று கத்தும். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். டீச்சர் நடுவில் நிறுத்தினார்கள். 'இப்ப ரத்தம் அடுத்து எந்தப் பக்கம் போகும்? விரலால பெஞ்சுல கோடு போட்டுக் காட்டுங்க' என்றார்கள். முப்பது பேர் முப்பது விதமாகக் கோடு போட்டார்கள். பக்கத்தில் இருப்பவனோடு சண்டை. அதன் பிறகு வீடியோவை ஓடவிட்டார்கள். இரண்டாம் தடவை பிள்ளைகள் பார்த்த பார்வையே வேறு. இப்போது அவர்களுக்கு விடை வேண்டியிருந்தது. ரிமோட்டில் ஆசிரியருக்கு மிகவும் பயன்படுவது நிறுத்தும் பொத்தான்தான் என்று அன்றைக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, சாதாரணப் போனில் இருக்கும் குரல் பதிவு. இணையம் வேண்டாம், செலவு இல்லை. ஒரு பிள்ளை தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கிறது. பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டுகிறோம். 'ஐயோ, நான் ரகரம் றகரம் ரெண்டையும் ஒரே மாதிரி சொல்றேன்' என்று ஒரு பெண் தானே கண்டுபிடித்தாள். நாம் பத்துத் தடவை திருத்தினாலும் வராத திருத்தம் அது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், வராந்தா ஓரத்தில் தனியாக நின்று போனிடம் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பேசத்தான் கூச்சம். அந்தப் போன் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆசிரியருக்கு அவனைக் காட்டிக் கொடுத்தது. கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிடுவோம். பிள்ளைகளின் குரல் குழுக்களில் சுற்றக் கூடாது.

தொடக்க வகுப்புகளில் 2022-லிருந்து நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் இந்த எண்ணம் இருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மதிப்பீட்டைச் செயலியில் பதிகிறார்கள். செயலி கணக்கு வைத்துக்கொள்ளும். அரும்பை மொட்டாக்குவது ஆசிரியர் வேலை. பதிவேற்றும் வேலை அந்த நேரத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நாளைக்கு இந்த வேலைக்குப் போகிற எங்களுக்கு இருக்கும் கவலை.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் போன், டேப், வைஃபை எதற்கும் குறைவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் கட்டுரை வருகிறது, கணக்கு படிப்படியாக வருகிறது. தடை போட்டு நிற்கப் போவதில்லை. சந்தேகம் கேட்க வெட்கப்படும் பிள்ளைக்கு, பத்துத் தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும் ஒன்று கிடைத்திருப்பது நல்லதுதான். ஆனால் கணக்கில் திணறும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மூளை வேலை செய்கிறது. அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்பே விடை வந்து நின்றால், நோட்டு நிறையும், பிள்ளைக்கு ஒன்றும் சேராது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விடை எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். இரவு சாப்பிடும்போது 'இன்னைக்கு என்ன கணக்கு போட்ட? எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. காளிக்குப்பத்துப் பெண்ணுக்கும் தெரியாது.

அங்கே எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கருவியும் குறைவு, சாயங்காலத்தில் ஆளும் குறைவு. இங்கே கருவி நிறைய இருக்கிறது. பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறாரா என்று ஒவ்வொரு வீடும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். அங்கே அம்மா ஆலையில் நின்று களைத்து வருகிறார். நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

இன்றைக்குக் காமராசர் பிறந்த நாள். விருதுநகரில் பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை விட்டுக் கடைக்குப் போனவர். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளி என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதலமைச்சரானதும் அவர் பார்த்தது, பிள்ளை ஏன் வரவில்லை என்பதை. பசி என்று தெரிந்தது. சோறு போட்டார். பிள்ளையின் நிலைமையிலிருந்து தொடங்கியதால்தான் அந்தத் திட்டம் இத்தனை வருடம் நிற்கிறது.

அதனால் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பழைய டேப்லெட்டுகளைச் சேகரித்து அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. நல்ல எண்ணம், கொடுப்போம். அதோடு ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுப்போம். நம் கம்யூனிட்டி ஹால் திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கிறது. ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை திறந்து வைக்கலாம். நம் வாட்ச்மேன் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள், நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காக்களின் பிள்ளைகள், பின்தெருப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், எல்லோரும் சேர்ந்து உட்காரட்டும். பாய், பாடநூல், குறியீட்டைக் காட்ட ஒரே ஒரு போன், ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும். பத்துப் பேர் முன்வந்தால் நாளுக்கு இரண்டு பேர். ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் வரும். பி.எட். படித்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற அண்ணாச்சிமார், வீட்டில் இருக்கும் அக்காமார், கல்லூரிப் பிள்ளைகள், யாரும் வரலாம். பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தால் போதும்.

என் பயிற்சி முடிந்துவிட்டது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நான் வருகிறேன். மற்ற நாட்களுக்குப் பெயர் எழுத ஒரு நோட்டு வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது பேனாவை மறக்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். அது செயலாளர் அண்ணாச்சி பேனா.